கை தட்டாத வீடு

அந்த வீட்டில் யாரும் கை தட்டுவது கிடையாது. பிறந்த நாளுக்குப் பாட்டுப் பாடினாலும் சரி, பள்ளிக்கூட மேடையில் பிள்ளை பரிசு வாங்கினாலும் சரி, அப்பா தலையை ஒரு முறை மேலும் கீழும் அசைப்பார். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் வேறு வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

வெளியாட்கள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தார்கள். விஷயம் வேறு. அந்தக் குடும்பம் ஆடுவது ஜுஜிட்சு என்ற பிடி மல்யுத்தம். அதில் தட்டினால் தோற்றதாக அர்த்தம். எதிராளி கழுத்தை நெரிக்கும்போதோ, கையை நீட்டிப் பூட்டுப் போடும்போதோ, இனித் தாங்காது என்று தோன்றினால் பாயை இரண்டு மூன்று தரம் தட்ட வேண்டும். உடனே விட்டுவிடுவார்கள். அது அந்த ஆட்டத்தின் தர்மம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகம் எழுதியவன் நம் வீட்டில் பெண் எடுத்தவனா, கொடுத்தவனா என்று அப்பா கேட்பார்.

அவர் பதினேழு வருடம் ஆடினார். ஒரு தரமும் தட்டவில்லை. அவருடைய இடது முழங்கை இன்றும் முழுசாக நீளாது. சட்டை மாட்டும்போது அந்தக் கையை முதலில் விட்டுவிட்டுத்தான் மற்றதை விடுவார். ஓய்ந்த பிறகு, டயர்க் கிடங்காக இருந்த ஒரு நீளக் கட்டடத்தைப் பிடித்து, பாய் விரித்து, பயிற்சிக்கூடம் ஆக்கினார். ரப்பர் நாற்றம் எத்தனை துவைத்தாலும் போகவில்லை. அந்தக் கூடத்துப் பிள்ளைகள் எதிரே வந்து நின்றாலே எதிராளி மூக்கைச் சுளிப்பான். மூக்கைச் சுளிக்கிறவன் மூச்சை அடக்குகிறான், மூச்சை அடக்கினவன் பாதி தோற்றான் என்று அப்பா அதற்கும் ஒரு பெருமை வைத்திருந்தார்.

தோல்வி கையால் மட்டும் வருவதில்லை, வாயாலும் வரும். பூட்டில் மாட்டியவர் வலி பொறுக்காமல் ஒரு சத்தம் போட்டாலும் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். தட்டியதும் கத்தியதும் விதியில் ஒன்றுதான். அதனால் அப்பா தன் இரண்டு பெண்களுக்கும் வாய்க்கும் சேர்த்தே பயிற்சி கொடுத்தார். பூட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு துண்டை நான்காக மடித்துப் பல்லுக்கு நடுவில் கொடுப்பார். துண்டு கீழே விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒன்பது வயதில் ஆரம்பித்தது. பெரியவளுக்கும் சின்னவளுக்கும் ஏழு வருட இடைவெளி. ஆனால் துண்டு ஒன்றுதான். ஒருத்தி கடித்த பல் தடத்தில் இன்னொருத்தி கடித்தாள்.

பெரியவள் தட்டினாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால், பல நாடுகள் கூடும் ஒரு விளையாட்டு விழாவில், அரையிறுதியில். கையில் பூட்டு விழுந்து, உள்ளே ஏதோ கயிறு பிரிவது போல ஒரு சத்தம் கேட்டதும், அவளைக் கேட்காமலே அவளுடைய இடது கை மூன்று தரம் பாயைத் தட்டிவிட்டது. எழுந்து பார்த்தபோது மேலே அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தக் குடும்பத்தில் பெண் மேல் கை நீட்டுகிற ஈனத்தனம் கிடையாது. அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று சின்னவளிடம் சொல்வார். சின்னவளுக்கு அப்போது பதினைந்து வயது. வாய் துடுக்கு. அக்காவுக்கு அவள்தான் "கைதட்டி" என்று பேர் வைத்தாள். முதலில் விளையாட்டுக்கு. பிறகு கூடத்துப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு தபால்காரர்கூட ஒரு நாள், "கைதட்டி அக்கா, ஒரு கையெழுத்து" என்றார்.

பெரியவள் கல்யாணம் வேண்டாம் என்றாள், வேறு ஊருக்கும் போகவில்லை. கூடத்தைப் பெருக்கினாள், பாயைத் துடைத்தாள், சின்னப் பிள்ளைகளுக்கு விழச் சொல்லிக்கொடுத்தாள். அப்பா ஒரு நாள் தன்னைப் பார்த்து நேராக ஒரு வாக்கியம் பேசுவார் என்று காத்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இடையில் விதிகள் மாறின. போட்டியில் பாய் ஓரத்து நாற்காலியில் உட்காரும் கோச், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். பரீட்சை வேற்று மொழியில். அப்பா இரண்டு தரம் எழுதினார். மூன்றாவது தரம் எழுத அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பெரியவள் முதல் தரமே தேறினாள். அப்பா அந்தச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சின்னவளிடம் கொடுத்தார்.

"ஏட்டுச் சுரைக்காய்" என்றாள் சின்னவள்.

இப்படியாகத்தான், சின்னவள் இந்த வருட விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டம் வரை வந்தபோது, பாய் ஓரத்து நாற்காலியில் தட்டினவளும், பார்வையாளர் வரிசையில் தட்டாதவருமாக உட்கார நேர்ந்தது.

அன்று காலை ஒத்திகை அறையில், நீல விரிப்பின் மூலையில் உட்கார்ந்து, பெரியவள் தங்கையின் விரல்களுக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து நாட்டுப் பெண்கள் குதித்துக்கொண்டும், கழுத்தைச் சுழற்றிக்கொண்டும், சுவரைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டும் இருந்தார்கள். வியர்வையும் தைலமும் கலந்த வாடை.

"இறுக்கிச் சுத்து. விரல் ஆடக் கூடாது."

"ரொம்ப இறுக்கினா ரத்தம் ஓடாது."

"எனக்கு ஓடும். நீ சுத்து, கைதட்டி."

பெரியவள் சுற்றினாள். "மரங்கொத்தியோட நாலு ஆட்டமும் பார்த்தேன். நாலும் வலது கைப் பூட்டு. வேற எதையும் தேடறதே இல்லை." எதிராளிக்கு அந்தப் பேர் வைத்ததும் சின்னவள்தான். ஆள் ஒல்லி, கழுத்து நீளம், பிடியைக் கொத்திக் கொத்தி எடுப்பாள்.

"தேடட்டும். கிடைச்சா என்ன பண்ணுவா, பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துட்டுப் போவாளா?"

"கிடைச்சுட்டா என்னைப் பாரு. நான் சொல்றேன்."

"நீ என்ன சொல்லுவே? தட்டுன்னு சொல்லுவே. உனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை அதுதானே."

பக்கத்தில் போன் அடித்தது. வீட்டிலிருந்து அம்மா. பெரியவள் எடுத்து, "சொல்லும்மா" என்றாள்.

"யாரு பேசறது, பெரியவளா சின்னவளா?"

"பெரியவ."

"ரெண்டு பேரும் ஒரே தொண்டையை வச்சுக்கிட்டு என் உயிரை வாங்கறீங்க. அவ சாப்பிட்டாளா?"

"எடை பார்த்த பிறகு சாப்பிட்டா."

"நீ?"

பெரியவள் பதில் சொல்வதற்குள் அப்பா வந்துவிட்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தான் வரை போட்டு, முதுகைப் பலகை மாதிரி நிறுத்திக்கொண்டு, சின்னவளுக்கு முன்னால் நின்றார். "கால் நகம் வெட்டியாச்சான்னு உங்க கோச்சைக் கேளு."

"வெட்டியாச்சாம்ப்பா" என்றாள் சின்னவள், திரும்பிக்கூடப் பாராமல்.

"சரி." கொஞ்சம் நின்றார். "கை போனா கட்டுப் போட்டுக்கலாம். கட்டு ஆறு வாரம். மத்தது ஆயுசுக்கும்." போய்விட்டார்.

அது தனக்குச் சொன்னதா, தங்கைக்குச் சொன்னதா என்று பெரியவளுக்குத் தெரியும். ஒரு கல்லில் இரண்டு காய் அடிக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இறுதி ஆட்டம் மூன்று மணிக்கு. ஆறு நிமிடம். கூடாரம் மாதிரி உயர்ந்த கூரை, கண்ணைக் குத்தும் விளக்கு, நடுவில் மஞ்சளும் சிவப்புமாகப் பாய். பெரியவள் கழுத்தில் கோச் அட்டை தொங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலிக்கும் பாய்க்கும் நடுவே இரண்டு எட்டு. முதுகுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் அப்பா. திரும்பிப் பார்க்காமலே அவர் எங்கே இருக்கிறார் என்பது அவளுடைய பிடரிக்குத் தெரிந்தது.

சின்னவள் நன்றாக ஆடினாள். அதை மறுப்பதற்கில்லை. இரண்டாவது நிமிடத்தில் மரங்கொத்தியின் இடுப்பை அணைத்துத் தூக்கிப் போட்டாள். இரண்டு புள்ளி. அதன் பிறகு வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கொத்த வந்த ஒவ்வொரு பிடியையும் தட்டிவிட்டாள். மூன்று நிமிடம், நான்கு நிமிடம். பெரியவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கையை மடக்கு, கிட்ட போகாதே, அவளே வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது நிமிடம் தாண்டியது. இரண்டுக்குப் பூஜ்யம். இன்னும் ஒரு நிமிடம் நின்றால் தங்கம். அந்தக் குடும்பத்தில் முதல் தங்கம்.

ஒரு பெண்ணுக்கு எங்கே சறுக்கும் என்றால், ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற இடத்தில். சின்னவள் ஒரே ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். மரங்கொத்தி கீழே விழுகிறவள் போல மல்லாந்து விழுந்து, விழுகிறபோதே சின்னவளின் வலது மணிக்கட்டையும் கூட இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கால்களும் மேலே வந்தன. ஒன்று சின்னவளின் முகத்தை மூடியது, ஒன்று மார்பை அழுத்தியது. வலது கை மரங்கொத்தியின் தொடைகளுக்கு நடுவில், கட்டைவிரல் வானம் பார்க்க, நீட்டி வைத்த கோல் மாதிரி அகப்பட்டுவிட்டது.

சின்னவளின் முகம் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது. பெரியவளுக்கு நேரே, இரண்டு எட்டில்.

மரங்கொத்தி இடுப்பை உயர்த்தினாள். முழங்கை நேரானது. நேருக்கு அப்பால் ஒரு அங்குலம் போனது. பிறகு இன்னும் கொஞ்சம். மனிதர்களின் முழங்கை அந்தப் பக்கம் போவதில்லை. தோலுக்கு அடியில் ஒரு நரம்பு எழுந்து ஓடுவதைப் பெரியவள் பார்த்தாள். சின்னவளின் இடது கை பாயின் மேல் விரிந்து கிடந்தது. அது தட்டவில்லை. ஐந்து விரலும் பாயைக் கவ்விக்கொண்டு நின்றன.

"அம்மா."

ஒரு சத்தம். நீளமில்லை. அடிவயிற்றிலிருந்து வந்து பாதியில் முறிந்த சத்தம். எந்த மொழிக்காரர் காதுக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். மண்டியிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நடுவர் சட்டென்று இரண்டு பேருக்கும் நடுவில் கையை நுழைத்து, பூட்டைப் பிரித்து, எழுந்து நின்று, மரங்கொத்தியின் பக்கம் கையைத் தூக்கினார். வாயால் தோல்வி.

சத்தம் தன்னுடைய வாயிலிருந்து போனது என்பது அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது. எட்டு வருடமாக அவளுக்கு யாரும் துண்டு கொடுக்கவில்லை. வாய் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

கடிகாரம் நின்றிருந்தது. முப்பத்தெட்டு விநாடி பாக்கி.

சின்னவள் எழுந்தாள். வலது கை தொங்கியது. முகம் செக்கச்செவேலென்று, மரங்கொத்தியின் கால்சட்டைத் தையல் கன்னத்தில் பதிந்து இருந்தது. "நான் கத்தலை" என்றாள் நடுவரிடம், தன்னுடைய மொழியிலேயே. பிறகு தலையை ஆட்டி, வாயைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று விரலை அசைத்தாள். "நான் கத்தவே இல்லை. அக்கா, நீ சொல்லு. நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? கத்தினது யாருன்னு சொல்லு."

பெரியவள் எழுந்து நின்றாள். கை தானாக வாய்க்குப் போனது. சின்னவள் அவளையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் புரிந்தது.

"நீயா?" என்றாள் மெதுவாக. "ஐயோ பாவி. இங்கேயும் நீயே தட்டிட்டியா? என் கைக்கும் சேர்த்து நீயே தட்டிட்டியா?"

நடுவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேசைக்குப் போனார். மேசையில் நடுவர் குழுத் தலைவி, கண்ணாடி போட்ட நரைத்த அம்மாள், காதுக்குக் கருவி மாட்டிக்கொண்டு பதிவை ஓட்டிப் பார்த்தாள். ஒரு கேமராவில் மரங்கொத்தியின் முதுகு. இன்னொன்றில் சின்னவளின் முகத்தை மறைத்த கால். சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்டது, யாருடையது என்றுதான் தெரியவில்லை. பெற்ற தாய்க்கே போனில் தெரியாத குரல் அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு தரம் ஓட்டினாள். மூன்றாவது தரம் ஓட்டினாள்.

ஐந்து நிமிடம் ஆனது. பாயின் நடுவில் இரண்டு பெண்களும் எதிரெதிரே நிற்க வைக்கப்பட்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் என்பது ஆட்டத்தின் சூட்டில் ஒன்றுமே இல்லை. சூடு ஆறின பிறகு அது நெடுநேரம். சின்னவளின் வியர்வை காய்ந்தது. சிவப்பு இறங்கி முகம் சாம்பல் பூத்தது. முழங்கை வீங்க ஆரம்பித்தது. முதலில் கையை வீம்புக்குத் தொங்கவிட்டிருந்தவள், பிறகு இடுப்புக் கச்சையில் கட்டைவிரலை மாட்டிக்கொண்டாள், பிறகு இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு முறை மடக்கிப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டாள். இத்தனையும் பெரியவள் பார்த்தாள். அந்த ஐந்து நிமிடத்தில் அந்த வலி எந்தெந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு போகும் என்று அவளுக்கு மனப்பாடம்.

தலைவி அவளைக் கூப்பிட்டாள்.

"சத்தம் போட்டது உங்க வீராங்கனையா, நீங்களா?" அந்த மொழியைப் பரீட்சைக்காகப் படித்த பெரியவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. "பதிவுல தெரியலை. கோச் சொல்ற வார்த்தையை நாங்க ஏத்துக்கறோம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிப்பதற்கு எதுவும் இல்லை. பரீட்சையில் வந்த கேள்விதான். அவள் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியது. வீராங்கனை கத்தியிருந்தால் ஆட்டம் முடிந்தது. வெளியிலிருந்து வந்த சத்தத்தை நம்பி நடுவர் தவறாக நிறுத்தியிருந்தால், சத்தம் போட்டவர் வெளியேற்றப்பட வேண்டும். ஆட்டம் மீதி நேரத்துக்குத் தொடர வேண்டும். எந்த நிலையில் நின்றதோ, அதே நிலையிலிருந்து.

அதே நிலை. மரங்கொத்தி மறுபடி படுப்பாள். சின்னவள் அந்தக் கையை, தானாகவே, மறுபடி கொண்டுபோய் அவளுடைய தொடைக்கு நடுவில் கொடுக்க வேண்டும். முப்பத்தெட்டு விநாடி தாக்குப் பிடித்தால் தங்கம்.

பெரியவள் திரும்பித் தங்கையைப் பார்த்தாள்.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் "நீ சொல்லு" என்று கத்தினவள் அங்கே இல்லை. சின்னவளின் கண்கள் அகலமாக இருந்தன. தலை அசைந்தது. வலமிருந்து இடம், ஒரு நூல் அளவு. மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தால் தெரியாது. உடன் பிறந்தவளுக்குத் தெரியும். சொல்லாதே.

ஒரு பொய் போதும். "அவள்தான் கத்தினாள்" என்று சொன்னால் கை பிழைக்கும். வெள்ளிப் பதக்கம் கிடைக்கும். சின்னவளும் காலம் முழுக்க, நான் தட்டவுமில்லை, கத்தவுமில்லை, அக்காதான் பொய் சொல்லிக் கெடுத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். சொல்வாள். அப்பா நம்புவார். பெரியவளுக்கு ஏற்கெனவே இருக்கிற பேரோடு இன்னொன்று சேரும். முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு?

பிற்பாடு அவள் தன் மனசுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். நம் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை என்று. அது உண்மைதான். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் பொய் வந்ததில்லை. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது குடும்பம் அவள் நினைவில் இல்லை. உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு என்ற குரல் இருந்தது. தபால்காரரின் குரல் இருந்தது. பார்ப்போமே என்று ஒன்று, சின்னதாக, ஊசி முனை மாதிரி, உள்ளே எழுந்தது. பார்ப்போமே, உன் இடது கை என்ன செய்கிறது என்று.

"நான்தான்" என்றாள். "என் தங்கச்சி வாயைத் திறக்கவே இல்லை. கத்தினது நான்."

தலைவி கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு கணம் பார்த்தாள். "நேர்மையா சொன்னீங்க. நன்றி. ஆனா நீங்க வெளியே போகணும்."

கழுத்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒலிபெருக்கி முடிவைச் சொன்னது. அப்பாவின் பக்கத்து நாற்காலிக்காரர் அதை அவருக்கு விளக்குவதும், அப்பா எழுந்து நிற்பதும் தெரிந்தது. அவர் பெரியவளைப் பார்த்தார். நேராக. தலையை ஒரு முறை மேலும் கீழும் அசைத்தார்.

பாயில் நடுவர் இரண்டு பேரையும் படுக்க வைத்தார். தையற்காரர் அளவு பார்த்துக் குண்டூசி குத்துவது போல, இந்தக் கால் இங்கே, அந்தக் கால் அங்கே, பிடி இப்படி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். சின்னவளின் வலது கையை அவரே எடுத்து மரங்கொத்தியின் மார்பில் வைத்தார். கை வரமாட்டேன் என்றது. அவர் காத்திருந்தார். பிறகு வந்தது. முகத்தின் மேல் கால் வந்து மூடியது. மரங்கொத்தியிடம் சரியா என்று கேட்டார். சரி. சின்னவளிடம் கேட்டார். காலுக்கு அடியிலிருந்து தலை அசைந்தது போலிருந்தது.

கூட்டம் பேச்சை நிறுத்தியது. அத்தனை பெரிய கட்டடத்தில் காற்றுக் கருவியின் இரைச்சல் மட்டும்.

நடுவர் கையை இறக்கினார்.

மரங்கொத்தி இடுப்பை உயர்த்தக்கூட இல்லை. மூச்சை இழுத்தாள், அவ்வளவுதான். அதற்குள் சின்னவளின் இடது கை எழும்பி, பாயில் விழுந்தது. ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம். நான்கு, ஐந்து என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. நடுவர் பிரித்த பிறகும், மரங்கொத்தி எழுந்து கும்பிட்டு நின்ற பிறகும், குப்புறக் கிடந்தபடி அவள் பாயைத் தட்டிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் முப்பத்தேழு விநாடி பாக்கி.

கைக்குப் புதிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தரம் பூட்டு இறுகவே இல்லை. அதுதான் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

சின்னவள் எழுந்து, கும்பிட்டு, தன் மூலைக்கு நடந்து வந்தாள். நாற்காலி காலி. அங்கே நின்று கொஞ்சம் அதையே பார்த்தாள். பிறகு தடுப்புக்கு வந்தாள். பெரியவளுக்கு மிக அருகில், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள். "நான் வேண்டாம்னு சொன்னது தெரிஞ்சுதா, இல்லையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்?"

"நீதானே சொல்லச் சொன்னே."

"அது முன்னாடி."

"முன்னாடி சொன்னதுதான் கணக்கு" என்றாள் பெரியவள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சின்னவள் அழவில்லை. அக்காவின் முகத்தை, அப்படி ஒரு முகத்தை முதல் தரம் பார்ப்பவள் போல, மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "நீ நல்லா கத்துக்கிட்டே, அக்கா" என்றாள். யாரிடமிருந்து என்று சொல்லவில்லை. மருத்துவ உதவியாளர் ஒருவர் வந்து அவளுடைய தோளைப் பிடித்து ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். முழங்கையில் பனிக்கட்டிப் பையை வைத்துச் சுற்றினார்.

படிகளில் அப்பா இறங்கி வந்தார். ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல், முதுகு கொஞ்சமும் வளையாமல். முக்காலி வழியில்தான் இருந்தது. சின்னவள் நிமிர்ந்து, "அப்பா" என்றாள். அவர் ஒரு தூணைச் சுற்றிப் போவது போல அவளைச் சுற்றிக்கொண்டு வந்தார். பெரியவளுக்கு முன்னால் நின்றார்.

"உன் பை எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

எட்டு வருடத்தில் இந்த இடத்துக்கு எத்தனையோ வாக்கியங்களை அவள் நினைத்து வைத்திருந்தாள். அதில் பை இல்லை.

"ஒத்திகை அறையில இருக்குப்பா."

"எடுத்துக்கோ. நாலரைக்கு ஒரு வண்டி இருக்கு. போயிடலாம்."

"பதக்கம் கொடுக்கறது இனிமேத்தான் இருக்கு. அவ?"

"எவ?" என்றார் அப்பா.

அதில் கோபம் இல்லை, நடிப்பு இல்லை. உண்மையாகவே யாரைச் சொல்கிறாய் என்று கேட்பவர் போலக் கேட்டார். அவருக்கு ஒரு பெண்தான் இருந்தாள், எப்போதும் ஒன்றுதான். எது என்பதை மட்டும் மாற்றிக்கொள்வார். பெரியவள் முக்காலியின் பக்கம் திரும்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வெளிவாசல் படிக்கட்டுக்கு இருவரும் வந்துவிட்டார்கள். பின்னாலிருந்து மருத்துவ உதவியாளர் கையில் ஒரு தாளோடு ஓடி வந்தார். "ஒரு நிமிஷம். அந்தப் பொண்ணை ஸ்கேனுக்கு அனுப்பணும். கோச் கையெழுத்து வேணும். நீங்கதானே அவங்க கோச்?"

பெரியவள் அவரைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். அட்டை இல்லாத தன் கழுத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"இல்லை" என்றாள். "என்னை நீக்கிட்டாங்க. மேசையில கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க."

அவ்வளவும் உண்மை. அந்த ஆள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு யாரையாவது தேடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

அப்பா ஐந்தாறு படி இறங்கியிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் வந்து சேரட்டும் என்று அந்தப் படியிலேயே நின்றார். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு இறங்கினாள்.